வெற்றுத்தாளின் எடை

மூச்சை அடக்கினால்தான்
இந்தத் தராசு உண்மை சொல்லும்.
கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தி,
இடுக்கியால் தாளைத் தூக்கித் தட்டில் வைத்து
எண்கள் தள்ளாடி நிற்கும்வரை
நான் சுவாசிப்பதில்லை.
ஜுபைலில் ஆறு வருஷமாக
காற்றை நிறுக்கும் வேலை எனக்கு.

போகும்போது பால்வெள்ளை, சின்ன அப்பளம் அளவு.
ஒரு பகலும் ஓர் இரவும் கூண்டில் இருந்துவிட்டு
திரும்பும்போது அதற்கொரு நிறம் வந்திருக்கும்.
ஷமால் அடித்த நாளில்
கோதுமை மாவு சலித்ததுபோல.
காற்று செத்துக்கிடக்கும் ஆகஸ்டில்
அடுப்படிச் சுவரின் கருப்பு.
தொட்டால் விரலோடு வரும்.

லென்ஸுக்கு அடியில் அவரவர்க்கு ஒரு முகஜாடை:
மணல் உருண்டை,
எவ்வளவோ காலம் உருண்டு தேய்ந்தது.
உப்பு சதுரம்.
கரி மட்டும் திராட்சைக் கொத்து.
அது எந்தப் பந்தலில் காய்த்தது என்று கேட்க வேண்டாம்,
தலையைத் தூக்கினால் போதும்.
அங்கே ஃப்ளேர் எரிகிறது.
நான் வந்த நாளாக
இந்த ஊரில் அமாவாசை பார்த்ததில்லை.

மூன்றாம் நிலையம் கடலோரம்.
கடலைக் குடிநீராக்கிவிட்டு
மிச்சத்தைச் சூடாகத் திருப்பி ஊற்றும் குழாய்
அங்கேதான் வாய் திறக்கிறது.
மீன் மல்லாந்து கிடந்தாலும்
என் பாரத்தில் அதற்கு இடமில்லை.
நான் காற்றுப் பிரிவு. தண்ணீர் வேறு கம்பெனி.

இஞ்சினியர் நவ்வாஃப் நல்ல மனிதர்.
மகளின் இன்ஹேலர் எப்போதும் அவர் சட்டைப்பையில்.
எண் வரம்பைத் தாண்டினால்
காரணம் என்ற கட்டத்தில்
புழுதிப்புயல் என்று எழுதச் சொல்வார்.
இலை அசையாத நாளிலும் எழுதியிருக்கிறேன்.
மணல் மறுத்துப் பேசாது.

நிலையங்கள் நான்கும்
காற்று வரும் பக்கத்தில் நிற்கின்றன.
காற்று போகும் பக்கத்தில் எங்கள் கேம்ப்.
பத்தொன்பதாம் அறையில், மேல் பங்கில்
கரீம்நகர் மல்லேஷம் இருமுகிறான்.
இரண்டு மணிக்குத் தொடங்குவான்,
ஃப்ளேர் பெரிதாகி
ஜன்னல் அட்டைகூட ஆரஞ்சாகும் நேரம்.
கம்பெனி டாக்டர் சீட்டில் எழுதியது:
தூசி அலர்ஜி.
கம்பளியை உதறிப் போடவும்.

கழித்துப்போட்ட பம்ப் ஒன்று ஸ்டோரில் கிடந்தது.
ஒரு வியாழக்கிழமை பையில் சுருட்டி வந்து
அவன் தலைமாட்டில் கட்டினேன்.
கணக்கில் உள்ள வெற்றுத்தாள் ஒன்றை
கணக்கில்லாத இடத்தில் வைத்தேன்.
இரவெல்லாம் அது பூனைபோல் உறுமியது.
அறையில் எட்டுப் பேர்; ஒருவரும் திட்டவில்லை.

சனிக்கிழமை லேபில் நான் மட்டும்.
மூச்சை அடக்கினேன்.
நிலையத்துத் தாள் குடித்தது மூன்று மில்லிகிராம்.
மல்லேஷத்தின் தாள் ஏழரை.
இரண்டு முறை நிறுத்தேன்.
மூன்றாவது முறை என் மூச்சு உடைந்து
எண்கள் சிதறின.
பழைய பம்ப். பத்துக்கு ஒன்று பிசகலாம்.
ஒன்று இரண்டாகப் பிசகாது.

இடம் என்ற பட்டியலைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதாகத் தட்ட
கணினி விடவில்லை.

மல்லேஷத்திடம் தாளைக் காட்டினேன்.
உள்ளங்கையில் வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
"எவ்வளவு?"
"ஏழரை மில்லிகிராம்."
"கிலோவில் சொல்லு."
சிரித்தான், அதுவே இருமலாகிப்
பாதிச் சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது.
பிறகு மெதுவாகக் கேட்டான்:
"இது குடிச்சது என் பங்குதானே?
தினமும் ஒண்ணு வைப்பியா?"

மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு.
வெற்றுத்தாள்: நாற்பதுக்கு முப்பத்தொன்பது.
குறைவு ஒன்று.
காரணம் என்ற கட்டம்
வெள்ளையாகக் காத்திருந்தது.
எழுதினேன்:
புழுதிப்புயல்.